கொட்டாவிக்கும் தகரக் கூரைக்கும் ஆங்கிலம்: ஒலிச்சொற்களுக்கு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை ஆங்கிலம் படித்த பிள்ளையிடம் சுற்றாடல் மாசடைதலுக்கு ஆங்கிலம் கேளுங்கள், 'என்விரன்மென்டல் பொல்யூஷன்' என்று தட்டாமல் வரும். கொட்டாவிக்குக் கேளுங்கள், வாயைத் திறந்து காட்டும். கிளிநொச்சிப் பக்கத்து ரியூசன் கொட்டில்களில் இரவைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னால், நாயும் 'சவுண்டிங்', பஸ்ஸும் 'சவுண்டிங்', கட்டிலில் குறட்டை விடுகிற அம்மம்மாவும் 'சவுண்டிங்'. மூன்று பேருக்கும் ஒரே வினை.

இது சோதனைத் தாளில் மட்டும் இடிக்கிற விஷயம் இல்லை. வன்னியில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றலாகி வருகிற வைத்தியர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதியது. அந்த இணைப்பு மெய்யாகவே தேவைப்படுகிற இடம் ஓ.பி.டி. எனும் வெளிநோயாளர் பிரிவின் வரிசை. பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கிறதா, வெறும் இருமலா, மூச்சு வாங்குகிறதா என்று சொல்லத் தெரியாவிட்டால் கையால் நெஞ்சைத் தடவிக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்கிற பேரப்பிள்ளைகளோடு போனில் கதைக்கிற அப்பப்பாக்களுக்கும் இதே சிக்கல். பிள்ளை "வட்ஸ் தட் நொய்ஸ்?" என்று கேட்கும். பின்னால் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது கைபிடிக்க மட்டும். சரியான உச்சரிப்பைப் போனிலேயே கேட்கலாம். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் பிரித்தானிய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் தனித்தனியாக வரும். ஒலிச்சொல்லைக் கண்ணால் மட்டும் படிப்பதில் பாதிப் பயன்தான்.

முதல் படி: 'சத்தம்' என்ற சொல்லை மூன்றாகப் பிரியுங்கள்

தமிழில் சத்தம் என்றால் எல்லாம் சத்தம். ஆங்கிலத்தில் காதில் விழுகிற எதுவும் 'சவுண்ட்'. காதுக்குத் தொந்தரவாக, வேண்டாமல் வந்தால் 'நொய்ஸ்'. மனிதத் தொண்டையிலிருந்து பேச்சாகவோ பாட்டாகவோ வந்தால் 'வொய்ஸ்'. "சத்தம் போடாதே" என்பதை "டோன்ட் புட் சவுண்ட்" என்று சொல்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். "டோன்ட் மேக் எ நொய்ஸ்" என்பதே சரி. கத்தாதே என்ற பொருளில் சொன்னால் "டோன்ட் ஷவுட்". நொய்ஸுக்கு எப்போதும் 'மேக்'தான் துணை. இந்தப் படி இவ்வளவுதான்.

இரண்டாம் படி: சொல்லின் உருவத்தைப் படியுங்கள்

ஒலிச்சொற்களைப் பட்டியலாகப் பாடமாக்குவது வீண் வேலை. ஆங்கில ஒலிச்சொல்லின் தலையிலும் வாலிலுமே பாதி அர்த்தம் இருக்கிறது. 'எஸ்-என்' என்று தொடங்கும் சொற்களைப் பாருங்கள்: ஸ்னீஸ் என்றால் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மூக்கை உறிஞ்சுவது, ஸ்னோர்ட் மூக்கால் 'ஹும்' என்று ஊதுவது. எல்லாம் மூக்கு. ஸ்னேக்கும் ஸ்னோவும் இந்தக் கூட்டத்தில் இல்லை, உண்மைதான். ஆனால் ஒலிச்சொல் ஒன்று இப்படித் தொடங்கினால் மூக்கை நினைத்துக்கொள்ளலாம். இப்படிப் பொருள் ஏறிய ஒலித்துண்டுக்கு 'ஃபோனஸ்தீம்' என்று 1930 இல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபேர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதிய மனிதர் அவர்.

வாலைப் பாருங்கள். 'ப்', 'க்' என்று அடைபட்டு முடிந்தால் ஒலியும் சட்டென்று முடிந்துவிடும்: டாப், பொப், கிளிக், கிராக், ஸ்னாப். 'ங்' என்று முடிந்தால் ஒலி கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும்: ரிங், பிங், கிளாங். 'ஆஷ்' என்று முடிந்தால் எதுவோ மோதிச் சிதறுகிறது: கிராஷ், ஸ்மாஷ், ஸ்ப்ளாஷ். 'எல்-ஈ' என்று எழுதி 'ள்' போல முடிந்தால் ஒலி திரும்பத் திரும்ப வருகிறது: ராட்டில், கிராக்கிள், ஜிங்கிள், கிகிள், மம்பிள்.

இந்தக் கடைசி வகை தமிழருக்கு எளிதில் பிடிபட வேண்டும். கலகல, சலசல, கடகட என்று நாங்கள் சொல்லையே இரட்டித்துச் செய்கிற வேலையை ஆங்கிலம் ஒரு வாலை ஒட்டிச் செய்கிறது. இரட்டைக் கிளவியைப் பிரித்தால் நிற்காது என்று தொல்காப்பியம் சொல்லும். ஆங்கிலத்திலும் பல சொற்களில் அப்படித்தான், ராட்டிலில் இருந்து வாலை வெட்டினால் மிஞ்சுவது எலி.

ஆகவே புதிய ஒலி ஒன்று கேட்டால் மூன்று கேள்வி: எங்கிருந்து வருகிறது? உடனே முடிந்ததா, நீண்டதா? ஒருமுறையா, பலமுறையா?

மூன்றாம் படி: உடம்பின் ஒலிகள்

மூக்கு முடிந்துவிட்டது. ஒரு நுணுக்கம் மட்டும்: ஸ்னிஃப் ஒருமுறை, ஸ்னிஃபிள் தடிமன் பிடித்த பிள்ளை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பது. வால் வேலை செய்வதைக் கவனியுங்கள். தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "ப்ளெஸ் யூ" என்பார், "தாங்க் யூ" என்று விட வேண்டும்.

தொண்டைக்கு வருவோம். இருமல் 'கொஃப்'. எழுத்தில் கடைசி இரண்டும் ஜி, எச், வாயில் ஃப். சிரிப்பு 'லாஃப்' இலும் அப்படியே. ஆனால் பெருமூச்சான 'சை' இல் அதே ஜி-எச் ஊமை. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மூன்றையும் காதால் பழகிக்கொள்ளுங்கள். பேசத் தொடங்குமுன் செருமுவது 'கிளியர் யுவர் த்ரோட்'. வழக்கமான தனி வினை இல்லை, மூன்று சொல் வேண்டும். விக்கல் 'ஹிக்கப்', பெரும்பாலும் பன்மையில்: "ஐ'வ் கொட் த ஹிக்கப்ஸ்". ஏவறை 'பேர்ப்', பெரிய விருந்துக்குப் பிறகு வருகிற பெரிய ஏவறை 'பெல்ச்'. எங்கள் ஊரில் சாப்பிட்டவர் ஏவறை விட்டால் சமைத்தவருக்கு மகிழ்ச்சி. ஆங்கிலம் பேசுகிறவர் வீட்டில் உடனே "எக்ஸ்கியூஸ் மீ" சொல்ல வேண்டும். தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பது 'கல்ப்', தேநீரை உறிஞ்சிக் குடிப்பது 'ஸ்லேர்ப்', வாய் கொப்பளிப்பதில் தொண்டைக்குள் கொறகொறவென்று செய்வது 'கார்கிள்'. முறுக்கைக் கடித்தால் 'கிரஞ்ச்', சத்தம் கேட்க மென்றால் 'மஞ்ச்'. காற்றுப் பிரிவதற்கு வைத்தியரிடம் சொல்லக்கூடிய மரியாதையான சொல் 'பாஸ் விண்ட்'.

மூச்சில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கேட்கப்படுவது இதுதான். ஓடிவந்த பிள்ளை வாயைத் திறந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது 'பான்ட்'. அதில் பயம் இல்லை. திடுக்கிட்டு 'ஹா' என்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பது 'காஸ்ப்'. அதே சொல் "காஸ்பிங் ஃபோர் பிரெத்" என்று வந்தால் காற்றுக்குத் தவிக்கிறார், அவசரம் என்று பொருள். தொய்வுக்காரரின் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் போலக் கேட்கிற இழுப்பு 'வீஸ்'. மூச்சுக் குழாய்கள் ஒடுங்கும்போது வருகிற ஒலி அது. "என் தாய்க்கு நேற்று இரவிலிருந்து இழுக்கிறது" என்பது "மை மதர் ஹாஸ் பீன் வீஸிங் சின்ஸ் லாஸ்ட் நைட்". சத்தமே இல்லாமல் மூச்சு முட்டினால் 'ஷோர்ட் ஒஃப் பிரெத்'. இருமலையும் பிரித்துச் சொல்லலாம்: வறட்டு இருமல் 'ட்ரை கொஃப்', சளியோடு வருவது 'செஸ்ட்டி கொஃப்', நாய் குரைப்பதுபோல் வருவது 'பார்க்கிங் கொஃப்', இருமி இருமி முடித்துவிட்டு 'ஊப்' என்று மூச்சை உள்ளே இழுக்கிற குக்கல் 'ஹூப்பிங் கொஃப்'. சளி 'ஃப்ளெம்', எழுத்தில் ஒரு ஜி ஒளிந்திருக்கிறது. "ஹீ இஸ் கொஃபிங் அப் ஃப்ளெம்" என்றால் சளி வெளியே வருகிறது என்று வைத்தியருக்குத் தெளிவாகிவிடும்.

கொட்டாவி 'யோன்'. மேலே கேட்டதற்குப் பதில்.

விரலுக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. சொடக்கு என்று ஒன்றாகவே சொல்கிறோம். பெருவிரலில் நடுவிரலைத் தேய்த்து 'டக்' என்று அடிப்பது 'ஸ்னாப் யுவர் ஃபிங்கர்ஸ்'. விரலை மடக்கி நெட்டி முறிப்பது 'கிராக் யுவர் நக்கிள்ஸ்'. இந்த நக்கிளிலும், கதவைத் தட்டுகிற 'நொக்' இலும் முன்னால் ஒரு ஊமைக் 'கே' உண்டு. பாவம் என்று உச்சுக்கொட்டுவது ஆங்கிலத்தில் 'டட்'. ஆனால் அங்கே அது பெரும்பாலும் கண்டிப்பு. யாராவது தங்கள் துயரத்தைச் சொல்லும்போது உச்சுக்கொட்டினால் பிழையாக எடுத்துக்கொள்ளக்கூடும். கதை கேட்கும்போது 'ம்' கொட்டுவதற்குச் சரியான ஒற்றை வினை கிடையாது. 'ஹம்' என்று எழுதிவிடாதீர்கள், அது வாயை மூடிக்கொண்டு பாட்டை முனகுவது.

நான்காம் படி: சிரிப்பு, அழுகை, புறுபுறுப்பு

இந்த இடத்தில் எங்கள் பேச்சுத்தமிழ் மிகவும் வசதியானது. ஆங்கிலச் சொல்லுக்குப் பாடநூல் தமிழைத் தேடுவதைவிட வீட்டில் கதைக்கிற சொல்லை வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கொடுப்புக்குள் சிரிக்கிறது என்போமே, மற்றவர் விழுந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு 'ஸ்னிகர்'. அமெரிக்கர் 'ஸ்னிக்கர்' என்பார்கள். கெக்கட்டம் போட்டுச் சிரிப்பது 'கஃபோ', அதில் கோழி கொக்கரிக்கிற கூர்மை சேர்ந்தால் 'காக்கிள்'. பெட்டைகள் கூடிக் கிளுகிளுவென்று சிரிப்பது 'கிகிள்'. பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும் அப்பா ஏதோ நினைத்துத் தனக்குள் மெல்லச் சிரிப்பது 'சக்கிள்'. சக்கிளில் நல்ல மனம் உண்டு, ஸ்னிகரில் இல்லை. மாற்றி எழுதினால் அப்பா கெட்டவராகிவிடுவார்.

அழுகையில் 'கிரை' பொதுச்சொல். விம்மி விம்மி மூச்சுத் தடக்க அழுவது 'சொப்'. கண்ணீர் மட்டும் வழிய அமைதியாக அழுவது 'வீப்', கொஞ்சம் எழுத்து மொழி. சின்னப் பிள்ளையும் அடிபட்ட நாய்க்குட்டியும் அனுங்குவது 'விம்பர்'. கடையில் ஐஸ் பழம் வாங்கித் தரச் சொல்லிச் சிணுங்குவது 'வைன்'. நுளம்பு காதருகில் இழுக்கிற ஒலியும் இதே வைன்தான், இரண்டையும் கேட்டவருக்குக் காரணம் விளங்கும். செத்த வீட்டில் குழறி அழுவது 'வெய்ல்'. ஒப்பாரிக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு சொல் இருக்கிறது: 'கீன்'. அயர்லாந்தில் இறந்தவர் வீட்டில் பெண்கள் பாடி அழும் வழக்கத்துக்கு உள்ள ஐரிஷ் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. சோதனைக்கு இது தேவைப்படாது, ஆனால் மொழிபெயர்க்கிறவருக்குக் கைகொடுக்கும்.

நோவில் நீண்டு வருவது 'குரோன்', அதைவிட மென்மையாகத் தொடர்வது 'மோன்', பாரம் தூக்கும்போது 'ம்ஹ்' என்று வருவது 'கிரண்ட்'. பயத்தில் கத்துவது 'ஸ்கிரீம்', கூர்மையாக வீரிடுவது 'ஷ்ரீக்', தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கத்துவது 'யெல்' அல்லது 'ஷவுட்'.

பேச்சு வகையில் குழந்தையின் மழலை 'பாபிள்'. புறுபுறுப்பது 'மட்டர்': மற்றவருக்குக் கேட்கக்கூடாது, ஆனால் மனதில் கோபம் இருக்கிறது. சொல் தெளிவில்லாமல் வாய்க்குள் விழுங்கிப் பேசுவது 'மம்பிள்': அதில் கோபம் இல்லை, கூச்சமோ நித்திரையோ இருக்கலாம். தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவது 'மேர்மர்'. குசுகுசுப்பது 'விஸ்பர்': குரல்நாண் அதிராமல் வெறும் காற்றால் பேசுவது. தொண்டையில் கைவைத்துப் பாருங்கள், விஸ்பரில் அதிர்வு இருக்காது, மேர்மரில் இருக்கும். கொன்னை தட்டுவது 'ஸ்டாமர்', 'ஸ்டட்டர்' இரண்டும் சரி.

ஐந்தாம் படி: இரைகிறது என்ற வினையைப் பிரியுங்கள்

கடல் இரைகிறது. வயிறு இரைகிறது. காது இரைகிறது. முல்லைத்தீவுக் கரையில் நின்றாலும், மத்தியானம் சாப்பிடாமல் இருந்தாலும், அஸ்பிரின் மாத்திரை கூடிப்போனாலும் எங்களுக்கு ஒரே வினை. ஆங்கிலத்தில் கடல் 'ரோர்', வயிறு 'ரம்பிள்', காது 'ரிங்'. இதுபோலத்தான் கத்துவதும்: மாடு 'மூ', காகம் 'கோ', தவளை 'குரோக்', பூனை 'மியூ'. அடிப்பதும் அப்படியே: போன் 'ரிங்', பஸ் ஹோன் 'ஹொங்க்' அல்லது 'டூட்', நடுவர் விசில் 'புளோ'.

ஏன் இப்படி? தமிழில் வினை பொதுவாக இருக்கும், அதற்கு முன்னால் நிற்கிற ஒலிக்குறிப்பே சத்தத்தைக் காட்டும். 'கடகடவென்று ஓடியது', 'தொப்பென்று விழுந்தது'. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குறிப்பே வினையாகிவிடும். அதனால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வினையோடு சோடி சேர்க்காதீர்கள், 'என்று'வுக்கு முன்னால் நிற்கும் குறிப்போடு சேருங்கள். வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்போம்.

மழை தொடங்கித் தகரத்தில் சடசடவென்று விழுந்தால் 'பாட்டர்'. இறுகிக் கொட்டினால் 'ட்ரம்', மேளம்தான் வினையாகிறது. மழை விட்டபிறகு தாழ்வாரத்தில் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுவது 'ட்ரிப்', வாளி வெறும் தகரமாக இருந்தால் 'பிங்'. மாங்காய் மணலில் விழுந்தால் 'தட்', கூரையில் விழுந்தால் 'பாங்'. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போடாவிட்டால் 'ஸ்குவீக்', வாளி தண்ணீரில் விழ 'ஸ்ப்ளாஷ்', சங்கிலி கிணற்றுக் கட்டில் இடிபட 'கிளாங்க்'. பிணைச்சல் இறுகிய கதவு மெதுவாகத் திறக்கும்போது 'கிரீக்', காற்றில் அடித்துச் சாத்தினால் 'ஸ்லாம்'. பஸ் பிரேக் போட்டால் 'ஸ்கிரீச்'. ஸ்குவீக், கிரீக், ஸ்கிரீச் மூன்றும் எங்களுக்குக் கிரீச்தான். சின்னது, மெதுவானது, காதைக் கிழிப்பது என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

குசினியில் கடுகு வெடிப்பது 'ஸ்ப்ளட்டர்', வெங்காயம் எண்ணெயில் 'சிஸில்', விறகு 'கிராக்கிள்', சோற்றுப்பானை 'பபிள்', திருவலையில் தேங்காய் 'ஸ்கிரேப்', உரலில் உலக்கை 'தம்ப்'. கோப்பைகள் கை நழுவி விழுந்து உருண்டால் 'கிளாட்டர்', உடைந்தால் 'ஸ்மாஷ்'. தேநீர்க் கோப்பையில் கரண்டி மெதுவாகப் பட்டால் 'கிளிங்க்'. வயலுக்குள் சேற்றில் கால் சளக் சளக்கென்று புதைந்து எழும்புவதற்கு அழகான சொல் ஒன்று உண்டு, 'ஸ்குவெல்ச்'. வாயில் சொல்லிப் பாருங்கள், சேறு தெறிக்கும். கோபத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது 'நாஷ்', முன்னால் ஊமை 'ஜி'.

தெருவில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) 'சக்', பாரம் ஏற்றிய லொறி 'ரம்பிள்', மட்காட் ஆடுகிற சைக்கிள் 'ராட்டில்'. பாண் ஓட்டோ பேத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டை அடித்துக்கொண்டு தூரத்தில் வரும்போது 'டிங்கிள்', உங்கள் படலையடிக்கு வந்துவிட்டால் அதே மெட்டு 'பிளேர்'. ரயில் கூவுவது 'ஹூட்' அல்லது 'விசில்' (எழுத்தில் ஒரு ஊமை 'டீ' இருக்கிறது, ஓலை சரசரக்கும் 'ரஸில்' இலும் அப்படி). 1990 இல் யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி நின்று, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வரும்வரை இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் புத்தகத்தில் மட்டும் இருந்தன.

வெடிச் சத்தங்களை வகை பிரிக்க எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சொற்கள் மட்டும்தான் புதிது. கிட்டத்தில் டமார் என்று முடிவது 'பாங்', தூரத்தில் அடிவயிற்றில் அதிர்வது 'பூம்', துவக்கு வெடிக்கும் கூரிய ஒலி 'கிராக்'. 'பிளாஸ்ட்' என்பது வெடிப்பைக் குறிக்கும், சத்தத்தை மட்டும் அல்ல. இப்போது யானையைக் கலைக்க வயலில் கொளுத்துகிற யானை வெடிக்குப் பாங், அது குளத்துக்கு மேலால் திரும்பி வரும்போது பூம்.

ஆறாம் படி: வசனத்தில் வைப்பது

இந்தச் சொற்களில் அநேகம் பெயராகவும் வினையாகவும் ஒரே உருவத்தில் வரும். பெயராக வைக்கும்போது துணைவினை முக்கியம். தன்னையறியாமல் வெளிப்பட்டால் 'லெட் அவுட்': "ஷீ லெட் அவுட் எ காஸ்ப்". வேண்டுமென்றே செய்தால் பெரும்பாலும் 'கிவ்': "ஹீ கேவ் எ கொஃப்" என்றால் உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும் என்று செருமினார். "ஹீ ஹாஸ் எ கொஃப்" என்றால் வருத்தம். ஒரு சிறு வினை மாறியதில் விருந்தாளி நோயாளி ஆகிவிட்டார். பொத்துக்கொண்டு வருவதற்கு 'பேர்ஸ்ட்': "பேர்ஸ்ட் அவுட் லாஃபிங்", "பேர்ஸ்ட் இன்டு டியர்ஸ்". 'அவுட்'டுக்குப் பிறகு 'இங்' உருவம், 'இன்டு'வுக்குப் பிறகு பெயர்.

கேட்டேன் என்று எழுதும்போது: "ஐ ஹேர்ட் ஹிம் கொஃப்" ஒருமுறை இருமினார், முழுதாகக் கேட்டது. "ஐ ஹேர்ட் ஹிம் கொஃபிங்" இருமிக்கொண்டிருந்தார், இடையில் காதில் விழுந்தது. 'டு' போடக்கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். லாண்ட்மாஸ்டர் தடதடவென்று போனது என்பதை மாணவர்கள் "த லாண்ட்மாஸ்டர் வென்ட் வித் எ பிக் சவுண்ட்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலக்காரர் போவதையே விட்டுவிடுவார்: "த லாண்ட்மாஸ்டர் சக்ட் பாஸ்ட் அவர் ஹவுஸ்". 'சக்ட்' ஒலி, 'பாஸ்ட்' அசைவு. "த பஸ் ராட்டில்ட் ஓவர் த பிரிட்ஜ்". "த டோர் கிரீக்ட் ஓபன்". இந்த ஒரு வசன அமைப்பைப் பிடித்துக்கொண்டால் கட்டுரையின் நடையே மாறிவிடும். ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஒலி அந்த அசைவாலேயே பிறக்க வேண்டும். பஸ் ஓடுவதால் கடகடக்கிறது, சரி. அப்பு இருமிக்கொண்டு வீதியால் போனார் என்பதை "கொஃப்ட் டவுன் த ரோட்" என்று எழுத முடியாது. நடப்பதால் இருமல் வரவில்லை. அங்கே "வோக்ட் டவுன் த ரோட், கொஃபிங்".

ஏழாம் படி: பழகுவது

மாலை விளக்கு வைக்கிற நேரம் முற்றத்தில் பேசாமல் இருந்து காதில் விழுவதை எல்லாம் முதலில் தமிழ் ஒலிக்குறிப்பாக எழுதுங்கள்: கிரீச், தொப், சரசர, கடகட. ஆங்கிலம் பிறகு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வியைக் கேட்டு, சொல்லைத் தேடி, அகராதியில் உச்சரிப்பைக் கேட்டு, ஒரு வசனம் எழுதுங்கள். போனில் ஒலியைப் பதிந்து வெளிநாட்டுப் பேரப்பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி "வட்ஸ் திஸ் சவுண்ட்?" என்று கேட்பது இதைவிட நல்லது. பிள்ளைக்கு விளையாட்டு, உங்களுக்கு இலவச ரீச்சர். ஒரு நாளில் நாலைந்து சொல் போதும்.

கட்டுரையில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். ஒரு பத்திக்கு இரண்டு ஒலிச்சொல் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் வீடு முழுக்கச் சத்தமாகி வாசிப்பவர் எதையும் கேட்கமாட்டார்.

முதலில் சொன்ன மாணவரின் இரவைத் திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: "எ மாங்கோ பாங்ட் ஒன் த ரூஃப். த டோக் விம்பர்ட் அண்டர் த பெட். எ லேட் பஸ் ராட்டில்ட் பாஸ்ட். மை கிராண்ட்மதர் ஸ்னோர்ட் த்ரூ இட் ஒல்." நான்கு வசனம், 'சவுண்டிங்' ஒன்றும் இல்லை. அடுத்ததை நீங்கள் எழுதுங்கள்: கப்பி, கடுகு, நுளம்பு, புறுபுறுக்கிற பெரியப்பா. பதிலுக்கு வேண்டிய வினைகள் ஸ்குவீக், ஸ்ப்ளட்டர், வைன், மட்டர். பெரியப்பாவுக்கு 'மேர்மர்' போட்டிருந்தால் நான்காம் படியை இன்னொருமுறை பாருங்கள்.